தலைவர் போடாத கையெழுத்து

நம் பள்ளி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ பழைய பஞ்சாயத்து ஆபீசின் படத்தைப் போட்டிருந்தீர்கள். ஓடு சரிந்து, கதவில்லாமல், உள்ளே இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. கீழே ஆளாளுக்கு எதையாவது எழுதினீர்கள். ஒருவர், "இவள் கையெழுத்தைக் காட்டிக் காட்டித்தானே தமிழ் சார் நம்மை எல்லாம் அடிப்பார்" என்று என்னைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார். அதற்குப் பலர் சிரித்திருந்தீர்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நமக்கெல்லாம் நாற்பது தாண்டியாயிற்று. எனக்குக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடிவதில்லை. உங்களில் இருவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள். இன்னும் தள்ளிப்போட்டால் நான் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து எங்கள் வீட்டுத் தொழுவில் சாணி அள்ள வந்த பெண்ணை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கலாம். எனக்குப் பன்னிரண்டு. நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வா, போ என்றுதான் பேசுவேன். அவர் என்னைப் பாப்பா என்பார், மனசு நிறைந்திருந்தால் தாயி என்பார். அந்தப் பேரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று கொல்லை வாசலில் நின்று நான் கத்திக் கூப்பிட்ட பேர் அது. அதனால் அவரைத் தலைவர் என்றே எழுதுகிறேன். ஐந்து வருடம் அவர் நம் ஊருக்குத் தலைவராக இருந்தார். அந்த ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவரை அப்படிச் சொன்னதில்லை.

அதற்கு முன்னால் பெரியப்பாதான் தலைவர். ஆபீஸ் சாவி எங்கள் வீட்டுச் சுவர் மாடாக்குழியில் இருக்கும். முத்திரையும் ஊதா மைப் பெட்டியும் பெரியப்பாவின் மர அலமாரியில் இருக்கும். அந்த மையின் வாடை எனக்குப் பிடிக்கும் என்பதால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நிற்பேன்.

அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், ஊராட்சிகளில் பெண்களுக்கும் பட்டியல் சாதியாருக்கும் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தியைக் கழுவியபடி, "சட்டம் டெல்லியில இருக்கு. ஊரு இங்கனல்லா இருக்கு" என்றார். சில நாளில் ஒன்றிய ஆபீசில் பட்டியல் ஒட்டினார்கள். நம் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று போட்டிருந்தது. பெரியப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாவது நாள் அப்பாதான் போய்ப் பேசினார்.

"அண்ணே, நாற்காலிதான அவளுவளுக்கு? நம்ம தொழுவுல நிக்கவளையே நிப்பாட்டிருவோம். நான் வார்டு மெம்பரா நின்னு துணைத் தலைவர் ஆயிக்கிடுதேன். நீங்க எப்பவும்போல இருங்க."

தலைவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தொழுவுக்குப் போய் அப்பா சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏட்டி, நாளைக்கு வேலைக்கு வராண்டாம். குளிச்சு நல்ல சீலையாக் கெட்டிட்டு வா. ஒன்றிய ஆபீசுக்குப் போவணும்."

"எதுக்கு மொதலாளி?"

"உன்னிய ஊருக்குத் தலைவராக்கப் போறோம்."

தலைவர் தலையிலிருந்த கூடையைக் கீழே இறக்கினார். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டார். "அப்பம் என் ஓட்ட நானே போட்டுக்கிடலாமா மொதலாளி?" என்று கேட்டார்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குள் வந்து பெரியப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். நான் பள்ளிக்கூடத்தில் வந்து உங்களிடம் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். அவர் மகள் நம் வகுப்பில்தான், கடைசி பெஞ்சில் இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. அதுவரை எந்தத் தேர்தல் வந்தாலும் காலனி ஓட்டெல்லாம் காலையிலேயே விழுந்துவிடும். அவர்கள் வேலை முடித்து வரும்போது, "உன் ஓட்டு விழுந்தாச்சு, போ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஓட்டுரிமை வந்து பத்துப் பதினைந்து வருடமாகியும் தலைவர் ஒரு தடவைகூட ஓட்டுச் சீட்டைக் கையில் தொட்டதில்லை. அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

மேலத்தெருக்காரர்களும் காலனியிலிருந்தே வேறொரு பெண்ணை நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்த முறை காலனி ஓட்டு நிஜமாகவே தேவைப்பட்டது. தலைவருக்குக் கத்தரிக்காய் சின்னம். நாமெல்லாம் கத்தரிக்காயைக் கம்பில் குத்திக்கொண்டு தெருத் தெருவாக ஓடினோமே, அந்த ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்தது. சுவரில் வரைந்த கத்தரிக்காயின் ஊதாச் சாயம் கரைந்து வழிந்தது. அப்பா காலனிக்குப் போய்ப் பேசினார். எங்கள் வீட்டு ஆண்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டுப் போடும் நாளில் நம் ஏழாம் வகுப்பு அறைதான் சாவடி. நாலு நிறத்தில் சீட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் வரிசையில் பெரியம்மா நின்றாள். அவளுக்கு முன்னால் காலனிப் பெண்கள் ஆறேழு பேர் நின்றார்கள். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள், குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஓட்டுக்காகக்கூட அவளால் அவர்களுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. அம்மா நின்றாள். எந்தச் சீட்டில் எங்கே குத்த வேண்டும் என்று அப்பா காலையிலேயே படம் வரைந்து காட்டியிருந்தார். வருடங்கள் கழித்து ஒரு நாள் அம்மா என்னிடம், "நான் அவளுக்குத்தான் போட்டேன். உங்க அப்பா சொன்னாவன்னு இல்ல. எனக்குப் போடணும்னு இருந்தது" என்றாள். அதை அம்மா ஏன் அத்தனை மெதுவாகச் சொன்னாள் என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தலைவர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. மை வைத்த விரலை மடக்காமல், ஈரம் காயும்வரை தூக்கியே வைத்திருந்தார்.

ஜெயித்தார். மாலை பெரியப்பா கழுத்தில் விழுந்தது.

அதன் பிறகு கூட்ட நாளில் தலைவர் காலையில் தொழுவு வேலையை முடித்துவிட்டு, வாய்க்காலில் கை கால் கழுவி ஆபீசுக்கு வருவார். நாற்காலியில், துணைத் தலைவர் ஆகிவிட்ட அப்பா இருப்பார். தலைவர் வாசல் படியில் உட்காருவார். உள்ளே பேசுவது அங்கே கேட்கும். கூட்டம் முடிந்த பிறகு எழுத்தர் எங்கள் வீட்டுக்கு வந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார். அப்புறம் தலைவரைத் தொழுவிலிருந்து கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள்.

தலைவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். காலனியில் நடந்த எழுத்தறிவு வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தார். பேர் மூன்று எழுத்து. பேனாவைக் குத்துவாட்டில் பிடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சை அடக்கி எழுதுவார். நடு எழுத்தில் சுழியை மூடத் தெரியாமல் திறந்தே விட்டுவிடுவார். சாணி வாடை அடிக்கிறது என்று புத்தகத்தை எழுத்தர் பிடித்துக்கொள்வார், தலைவர் தொடாமல் எழுத வேண்டும். அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. "மூணு எழுத்து எழுத முப்பது நாளாக்குவா" என்பார்.

ஒரு நாள் எழுத்தர் வந்த நேரம் தலைவர் இல்லை. அப்பா என்னைக் கூப்பிட்டார். அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். ஆம்பிளைப் பிள்ளை வேண்டும் என்றிருந்தவர். எனக்கும் அவருக்கும் பேச்சே கிடையாது, மார்க் அட்டையில் கையெழுத்து வாங்கும்போது மட்டும்தான் பக்கத்தில் போவேன்.

"இதப் பாத்து அப்படியே போடுவியா?"

ஒரு பழைய நோட்டில் போட்டுக் காட்டினேன். எந்தக் கையெழுத்தையும் பார்த்த மாத்திரத்தில் போடுவேனே. ஆனால் நடு எழுத்தின் சுழியை என் பழக்கத்தில் மூடிவிட்டேன். அப்பா விரலால் தொட்டுக் காட்டினார்.

"அவ தப்பாத்தான் போடுவா. நீயும் தப்பாவே போடு."

தப்பாகப் போட்டேன். எழுத்தர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அச்சு அசல்" என்றார். அப்பா என் தலையில் கை வைத்தார். உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கும். எனக்கு அன்று காய்ச்சல் வந்ததுபோல் உடம்பெல்லாம் சுட்டது. அப்பாவுக்கு நான் வேண்டியவள் ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு தலைவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். தெருவிளக்கு பல்பு, வாய்க்கால் தூர், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை, எல்லாவற்றுக்கும் நான்தான் போட்டேன். விரலில் மை பட்டால் அம்மா பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். "எண்ணெய் தொட்டுத் தேய், போயிரும்" என்று மட்டும் சொல்வாள்.

அடுத்த வருடம் கார்த்திகையில் குடிநீர்க் குழாய்த் திட்டம் வந்தது. ஆற்றிலிருந்து ஏற்றித் தொட்டியில் நிரப்பி ஊருக்குள் விடுவது. அதுவரை நாம் எல்லோரும் ஆற்றில்தானே எடுத்தோம். காலனிக்காரர்கள் மட்டும் படித்துறைக்குக் கீழே, மாடு குளிப்பாட்டும் இடத்தைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை குழாய் என்று பஞ்சாயத்துத் தீர்மானம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் தலைவர் முதல் தடவையாகப் படியிலிருந்து எழுந்து நிலைப்படிக்கு வந்து நின்று பேசினாராம். "காலனிக்கு நாலு வேணும் மொதலாளி. நூறு வீடு இருக்கு." மெம்பர்கள் தலையாட்டினார்கள், அப்பாவும் சரி என்றார். எழுத்தர் எங்கள் வீட்டில் வைத்துப் புத்தகத்தில் எழுதினபோது அது வேறாக இருந்தது. எங்கள் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் கோயில் தெருவுக்கும் மட்டுமே குழாய்கள். காலனிக்கு 'பின்னர் பரிசீலிக்கப்படும்'. படித்தேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியும் எனக்கு. தமிழில் முதல் மார்க் வாங்குகிறவள் நான். தெரிந்துதான் கீழே அவர் பேரை எழுதினேன், நடுச் சுழியைக் கவனமாகத் திறந்து விட்டு.

தை மாதம் பள்ளம் தோண்டினார்கள். குழாய் எங்கள் தெரு வழியே வந்து வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. காலனியிலிருந்து நாலு பேர் ஒன்றிய ஆபீசுக்குப் போய்க் கேட்டார்கள். அங்கே புத்தகத்தின் நகலைக் காட்டி, "உங்க தலைவரே கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து காலனியில் தலைவரோடு யாரும் பேசவில்லை. அவருடைய அண்ணன் பெண்டாட்டி, அடுத்த வீடு, வாசலில் நின்று, "உன் சாதி சனத்துக்குத் தண்ணி வேண்டாம்னு கையெழுத்துப் போட்டு அவிய வீட்டுல என்ன வாங்கித் தின்ன? இனி என் வாசல்ல கால் வைக்காத" என்று சொன்னாளாம். அவர் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் மறித்து, "தண்ணி வித்தவ மவ" என்று காலனிப் பிள்ளைகளே கூப்பிட்டன. வகுப்பிலும் அது பரவியது. நீங்களும் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒரு காலையில் நான் தொழுவு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். தலைவர் கூளத்தை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண் வீங்கியிருந்தது.

"பாப்பா, உங்க வீட்டுல வச்சு எழுத்தர் எழுதும்போ நீ பாத்தியா? என் பேர யாரு போட்டா?"

"எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியாம இருக்காது தாயி. நீ சொன்னன்னு சொல்ல மாட்டேன்."

"எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு, வழிய விடு."

வழியை விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போயிருந்தார். மனுவை அவர் மகள் எழுதியிருந்தாள். மாசியில் விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மா ஜீப்பில் வந்தார்கள். வயலில் பிசானப் பருவத்து நெல் தலை சாய்ந்து நின்றது. வகுப்பில் இருந்த என்னை அப்பா வந்து பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒன்றுதான் சொன்னார்: "கேட்டா, பாத்தேன்னு சொல்லு." வேறெதுவும் சொல்லித்தரவில்லை. அவசியமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆபீசுக்குள் அதிகாரி அம்மா, எழுத்தர், மெம்பர்கள், தலைவர். வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலனி ஆட்கள்.

"புத்தகத்தில இருக்கறது உங்க கையெழுத்து இல்லைங்கிறீங்க. எங்கே, இந்தத் தாள்ல அஞ்சு தடவை போடுங்க."

தலைவர் உட்காரவில்லை. மேசையில் குனிந்து போட்டார். பேனாவை முன்போலக் குத்தவில்லை. ஐந்து கையெழுத்திலும் நடு எழுத்தின் சுழி அழகாக மூடியிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியவே இல்லை. மாதக்கணக்கில் அவரைக் கையெழுத்துப் போடவே விடவில்லையே, எப்படித் தெரியும்?

"புத்தகத்தில சுழி திறந்திருக்கு. இவங்க மூடித்தானே போடுறாங்க?" அதிகாரி அம்மா அப்பாவைப் பார்த்தார்கள்.

"படிக்காதவ அம்மா. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி போடுவா. எம் பிள்ள பக்கத்துல இருந்து பாத்தா. சின்னப் பிள்ள பொய்யா சொல்லப் போவுது? நீங்களே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது கோபம் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அந்த ஒரு நிமிடம் அவர் நம்பினார் என்றே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

"பாத்தேன். எங்க தொழுவுல வச்சுப் போட்டா."

"போட்டாங்கன்னு சொல்லணும்மா. அவங்க உங்க ஊர்த் தலைவர்."

"போட்டாங்க."

மரியாதையைத் திருத்திக்கொண்டேன். பொய் அப்படியே இருந்தது.

அதிகாரி அம்மா ஒரு தாளைக் கொடுத்து அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கீழே என் பேரைப் போட்டேன். "அழகான எழுத்து" என்றார்கள். சன்னலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பெண்ணின் குரல், "பிள்ளையே சொல்லிட்டு, அப்புறம் என்ன?" என்றது.

வெளியே வரும்போது தலைவர் என் பக்கத்தில் வந்தார். யாருக்கும் கேட்காத குரலில், "பாப்பா, இதையாவது உன் பேரப் போட்டு எழுதுனியே" என்றார்.

அப்போது அந்த வார்த்தை எனக்குக் குத்தவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். பயமாக இருந்தது, அவ்வளவுதான். அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "எம் பிள்ள சிங்கக்குட்டி" என்றார். நான் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

தலைவர் அதற்குப் பிறகு எங்கள் தொழுவுக்கு வரவில்லை. ஊரில் யாரும் அவருக்கு வயல் வேலை கொடுக்கவில்லை. பீடி சுற்றினார். ஆனால் ஒரு கூட்டத்தைக்கூட அவர் விட்டதில்லை. வருவார், நேரே போய் நாற்காலியில் உட்காருவார். அப்பா வாசலில் நின்று கத்தினால் கத்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். தீர்மானத்தை அங்கேயே எழுத வைத்து, எழுத்தரை உரக்க வாசிக்கச் சொல்லி, கடைசி வரிக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு இழுத்து, அதற்கு அடியில் கையெழுத்துப் போடுவார். பாடுபட்டு, மனு நாளான திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளத்துக்கு நடந்து, நாலாம் வருடம் காலனிக்குக் குழாய் கொண்டுவந்தார். காலனிக்காரர்கள் அதை எம்.எல்.ஏ. கொடுத்ததாகத்தான் சொன்னார்கள். அடுத்த தேர்தலில் யார் ஆதரவும் இல்லாமல் தானாகவே நின்றார். அவருடைய தெருவே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. தோற்றார். மகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்த கையோடு அவரும் ஊரை விட்டுப் போய்விட்டார். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தேன். அப்பா போனில் சொன்னார், "ஒரு சனியன் ஒழிஞ்சது" என்று. நான் "ம்" என்றேன்.

அப்பா இருக்கிறாரே, எப்படிச் சொல்வது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு. அப்பா போய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் நம் குழுவில் ஒருவரிடம் கேட்டுத் தலைவர் இருக்குமிடம் தெரிந்துகொண்டேன். பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்து, "வா" என்றும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. தலைவர் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. நான் நின்றபடியே சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். உன் விரல்ல மை இருந்தது. என்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? எங்க தெருவுல சொல்லு."

"நான் எல்லாத்தையும் எழுதித் தாரேன்ம்மா. நீங்க யாருகிட்ட வேணும்னாலும்..."

"எழுத்து வேண்டாம். உன் எழுத்தை நான் பாத்தாச்சு. வாயால சொல்லு."

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் ஊருக்குப் போனோம். காலனியில் எல்லாம் சிமெண்டு வீடு. சின்ன வயசுக்காரர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. ஒரு பையன் போனில் படம் எடுத்தான். வயசானவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டது நான். இவங்க போடலை. விசாரணையிலயும் நான் பொய் சொன்னேன்" என்றேன். மூன்று வாக்கியம்தான். சொல்ல இத்தனை வருடம்.

"எங்க போயிருந்த இவ்வளவு காலமும்?" என்று ஒருவர் கேட்டார். திருநெல்வேலி டவுணில்தான் இருந்தேன், முக்கால் மணி நேர பஸ் தூரத்தில்.

அண்ணன் பெண்டாட்டி கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். தலைவரின் அண்ணன் செத்தபோதும் இவரை வீட்டுக்குள் விடாமல் தெருவிலேயே நிற்க வைத்தவளாம். அவள் தலைவரின் கையைப் பிடித்தாள்.

"நீ அன்னைக்குச் சொன்னியே. நான் நம்பலியே. உள்ள வா தாயி, ஒரு வாய் காப்பி குடி."

தலைவர் கையை உருவிக்கொள்ளவில்லை.

"இன்னொரு நாள் வாரேன் மதினி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது.

திரும்பும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது. அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் இரண்டு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்தேன். பேட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவரே திரும்பினார்.

"உனக்குப் பிள்ளைய உண்டா?"

"ஒரு பொண்ணு. காலேஜ் படிக்கா."

"ஓட்டு வந்துட்டா அவளுக்கு?"

"இந்த வருசந்தான். பதினெட்டு ஆச்சு."

"அவகிட்டச் சொன்னியா இத?"

"இல்ல."

"ஊருல சொல்லுதது ஒரு நாளுதான். அவகிட்டச் சொல்லு. என் கையெழுத்த நீ போட்டன்னு சொல்லு" என்றார். கம்பியைப் பிடித்துப் பைய இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை.

என் மகளுக்கு வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. படம் நன்றாக இல்லை என்று அவளுக்குக் கோபம். அம்மா பெரிய நேர்மைக்காரி என்று அவள் தன் தோழிகளிடம் சொல்வாள். இன்று சனிக்கிழமை, வீட்டில்தான் இருக்கிறாள். அடுத்த அறையில் பாட்டுக் கேட்கிறது. உங்களுக்கு எழுதி முடித்துவிட்டேன், ஊரில் சொல்லிவிட்டேன். அவள் அறைக் கதவு வரை இரண்டு தடவை போய்விட்டு, என்ன வேண்டும் என்று அவள் கேட்டதும், காப்பி குடிக்கிறாயா என்று கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.